தாசில்தார் ஏன் தாண்டவில்லை

குதிரையேற்றப் பள்ளிக் கூரையில் இருந்த நான்கு ஃபிளாஷ் விளக்குகளையும் போன வாரம் இறக்கிவிட்டார்களாம். எனக்குப் பிறகு அங்கே படம் எடுக்க வந்திருக்கும் பெண் போனில் சொன்னாள்.

“மேடம், புது கேமராவுக்கு வெளிச்சம் கம்மியா இருந்தாலே போதும். மேல எல்இடி போட்டுட்டாங்க. ஃபிளாஷ் வச்சு நீங்க எப்படி எடுத்தீங்கன்னு ஆண்டு மலருக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. கேப்டன் சார்தான் கேக்கச் சொன்னாரு.”

விளக்குகள் போனதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பதினோரு வருஷம் அவற்றைத் துடைக்க ஏணி ஏறி என் இரண்டு முட்டியும் போய்விட்டன. இன்னும் முன்னாலேயே இறக்கியிருக்கலாம். ஆனால் எழுதச் சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரே ஒரு விஷயம்தான். அது இரண்டு பக்கத்தில் அடங்காது. மலரில் போடுவார்களா என்பதும் சந்தேகம். எதற்கும் எழுதி வைக்கிறேன்.

என் பெயர் வசந்தா. தேரடித் தெருவில் ஒரு ஸ்டுடியோவில் பதினெட்டு வருஷம் படம் எடுத்தேன். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று, பெண் போட்டோகிராபர்தான் வேண்டும் என்று கேட்கும் வீடுகளெல்லாம் என்னிடம்தான் வரும். அதிலும் கைக்குழந்தைகளை எடுப்பதில் எனக்கு நல்ல பெயர். குழந்தை எதைப் பார்க்கிறது என்பதை அதன் கண்ணை வைத்துக் கண்டுபிடித்து, அது முகம் திருப்புவதற்கு அரை நொடி முன்னால் கிளிக் செய்துவிடுவேன். நான் கற்றுக்கொண்ட தொழில் மொத்தமும் அவ்வளவுதான். குதிரையைக் கல்யாண ஊர்வலத்தில் பார்த்ததோடு சரி.

அடி அண்ணாமலையைத் தாண்டி, கிரிவலப் பாதையிலிருந்து வயல் பக்கம் உள்ளே போனால், மூடிக்கிடந்த ஒரு அரிசி ஆலையின் பெரிய கோடவுன் இருந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்து, தரையில் மணல் கொட்டி, உள்ளரங்கக் குதிரையேற்றப் பள்ளி என்று ஒருவர் போர்டு மாட்டினார். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்களும் பெங்களூரிலிருந்து சனி ஞாயிறுக்கு வருபவர்களும் வெயில் படாமல் குதிரை ஓட்ட வருவார்கள் என்பது அவர் எண்ணம். வெளிநாட்டுக்காரர்கள் தியானம் செய்ய வந்தவர்கள், ஒருவரும் வரவில்லை. பதிலாக வேலூர், ஆரணி, செய்யாறு பக்கத்து டாக்டர் வீட்டுப் பிள்ளைகளும் மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். பிள்ளைகள் வந்தால் பெற்றோர் வருவார்கள், பெற்றோர் வந்தால் போட்டோ கேட்பார்கள். அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

போர்டு மாட்டியவரை எல்லோரும் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். விறைப்பான உடம்பு, நரைத்த மீசை, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. ராணுவத்தில் குதிரைப்படையில் இருந்தவர் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். அவர் சரக்குக் கப்பல் கேப்டன் என்பது எனக்கு இரண்டாவது வருஷம்தான் தெரிந்தது. குதிரை மேல் அவர் ஏறியதே இல்லை. எதற்காகக் குதிரைப் பள்ளி என்று ஒரு நாள் கேட்டேன்.

“முப்பது வருஷம் தண்ணி மேல இருந்துட்டேம்மா. தண்ணியே இல்லாத ஊர்ல ஏதாவது செய்யணும்னு தோணுச்சு,” என்றார்.



அவர் நடத்தை முழுக்கக் கப்பல்தான். காலை அகட்டி வைத்து, தரை எப்போது வேண்டுமானாலும் சாயும் என்பதுபோல நடப்பார். நுழைவாயில் பக்கம் ஒரு பித்தளை மணி. ஒவ்வொரு வகுப்பு தொடங்கும்போதும் அவரே அடிப்பார். நீளமான ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார், அதில் தினமும் முதல் வரி காற்று எந்தத் திசை என்பது. நான்கு பக்கமும் சுவர் உள்ள கோடவுனுக்குள் நின்றுகொண்டு, விரலை நனைத்து மேலே தூக்கிப் பார்த்து, “தென்மேற்கு, லேசான காற்று” என்று எழுதுவார். சுவரில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று இருந்தது. அது ஓடினால் தென்மேற்கு, ஓடாவிட்டால் காற்று இல்லை.

முதல் தடை தாண்டும் போட்டிக்குக் கேமரா மேலேயே மாட்டும் ஃபிளாஷை வைத்து எடுத்தேன். இரண்டு தப்பு நடந்தது. ஒன்று, நேருக்கு நேராக வெளிச்சம் அடித்ததில் எல்லாக் குதிரைக்கும் கண் பச்சையாக எரிந்தது. ஆரணியிலிருந்து வந்த ஒரு அம்மா, தன் மகன் உட்கார்ந்திருந்த குதிரையின் படத்தைப் பார்த்துவிட்டு, எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொல்லி, படத்துக்கும் மகனுக்கும் சேர்த்துச் சுற்றிப் போட்டுவிட்டுத்தான் கவரைக் கையில் வாங்கினார். இரண்டாவது தப்பு, கண்ணால் பார்த்த பிறகு விரலை அழுத்தியது. குதிரை தாண்டுவது தெரிந்து நான் அழுத்துவதற்குள் அது தாண்டி முடித்திருக்கும். நாற்பது படத்திலும் குதிரையின் பின்பக்கம்தான் இருந்தது.

கேப்டன் நாற்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோபப்படவில்லை.

“எல்லாம் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிப் போற மாதிரி இருக்கு. உள்ள வரும்போது எடுங்க,” என்றார்.

அதன்பிறகுதான் கூரை உத்தரத்தில் நான்கு ஸ்டுடியோ ஃபிளாஷ்களைக் கட்டினோம். மூலைக்கு ஒன்று, எல்லாமே மேலிருந்து சரிவாகக் கீழே பார்க்கும். குதிரையின் கண்ணுக்கு நேராக ஒரு விளக்கும் வராது. நான்கையும் என் கேமராவில் இருந்த சின்ன டிரிக்கர் ஒரே சமயத்தில் எரிய வைக்கும். முழு பவரில் வைத்தால் குதிரையின் வால் பஞ்சு மாதிரி கலங்கித் தெரியும். கால்வாசிக்குக் குறைத்தால் வெளிச்சம் சட்டென்று வந்து சட்டென்று அணைந்துவிடும், பறக்கிற மணல்கூடத் துகள் துகளாக நிற்கும். அதனால்தான் மணலை முன்கூட்டியே தண்ணீர் தெளித்து வைக்கச் சொல்வேன். இல்லாவிட்டால் தூசியில் வெளிச்சம் பட்டு, திருவண்ணாமலையில் பனி பெய்வதுபோல இருக்கும்.

ஒரு தடவை எரிந்தால் விளக்குகள் மறுபடி தயாராக இரண்டு நொடி ஆகும். ஆகவே ஒரு தாவலுக்கு ஒரே கிளிக். தவறவிட்டால் போச்சு. குதிரை கடைசி மூன்று எட்டு எடுத்து வைப்பதை மனசுக்குள் எண்ணுவேன். முன்கால் மடங்கி, குளம்பு தடையின் குறுக்குக் கம்புக்குச் சமமாக வரும்போது அழுத்த வேண்டும். அது உச்சிக்குக் கொஞ்சம் முன்னால்தான், ஆனால் என் விரல் வேலையை முடிப்பதற்குள் குதிரை உச்சிக்குப் போய்விடும்.

இன்னொன்று, காது. குழந்தைக்குக் கண் எப்படியோ குதிரைக்குக் காது அப்படி. எதைக் கவனிக்கிறதோ அந்தப் பக்கம் காது திரும்பும். நல்ல குதிரை தாண்டும்போது இரண்டு காதும் நேராக முன்னால், அடுத்த தடையைப் பார்த்து நிற்கும். காது பின்னால் மடிந்திருக்கும் படத்தைப் பெற்றோர்கூட வாங்க மாட்டார்கள். ஏன் பிடிக்கவில்லை என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது, பிடிக்காது, அவ்வளவுதான்.

கேப்டன் எனக்காகவே ஒரு விதி எழுதி, பெயிண்டரை வைத்துச் சுவரில் எழுதவும் செய்தார்: “குதிரை தரையில் இருக்கும்போது ஃபிளாஷ் அடிக்கக் கூடாது.” தாவுவதற்கு முன்னால் வெளிச்சம் அடித்தால் அது மிரளும் என்பதால். நியாயமான விதி. இந்த விதியே ஒரு நாள் என் கழுத்துக்கு வரும் என்று அப்போது தெரியாது.

அந்த வருஷம் எங்களிடம் பதினோரு குதிரைகள். சில ரேஸ் ஓடி ஓய்ந்தவை, சில தீபத்தின்போது கூடும் மாட்டுச் சந்தையில் வாங்கியவை. சந்தையில் வாங்கியதில் ஒன்றின் பெயர் தாசில்தார். பழைய சொந்தக்காரர் வைத்த பெயர். எத்தனை பேர் காத்திருந்தாலும் தனக்குத் தோன்றும்போதுதான் லாயத்தை விட்டு வெளியே வரும் என்பதால் அப்படி வைத்தாராம். பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. வெளியே வந்துவிட்டால் எங்களிடம் இருந்ததிலேயே நன்றாகத் தாண்டுவது அதுதான்.

அதைப் பார்த்துக்கொண்டவர் முனுசாமி. அடி அண்ணாமலைக்காரர், இரண்டு ஏக்கர் வைத்துக் கடலை போடுகிறவர். முதலில் புல் கொண்டுவந்து போட வந்தார், அப்படியே குதிரைக்காரராகத் தங்கிவிட்டார். குதிரையை மரியாதையாகத்தான் பேசுவார். “தாசில்தார் இன்னிக்கு சாப்பிடல மேடம். யாரோ மனசு நோகப் பேசிட்டாங்க போல.” வெளியிலிருந்து போன் செய்பவர்களுக்கு இது பெரிய குழப்பம். “தாசில்தாருக்கு லாடம் அடிச்சுட்டு இருக்காங்க, அப்புறமா கூப்பிடுங்க” என்று முனுசாமி சொன்னதைக் கேட்டு ஒருவர் பதறிப்போய் நேரிலேயே வந்துவிட்டார்.

இனி அந்த நாள்.

வேங்கிக்காலில் பல் மருத்துவமனை வைத்திருந்த டாக்டர் கனகசபை எங்கள் பள்ளிக்குப் புரவலர். என் நான்கு விளக்குகளும் அவர் வாங்கிக் கொடுத்தவை. அவர் மகள் ஸ்வேதாவுக்குப் பதினேழு வயது, தாசில்தார் மேல் ஏறி இரண்டு வருஷமாகப் பழகியவள். அந்த ஆண்டுப் போட்டிக்கு டாக்டர்தான் சிறப்பு விருந்தினர். காலையில் மருத்துவமனை ஆட்கள் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கொண்டுவந்து, ஐந்தாவது தடைக்குப் பக்கத்துச் சுவரில் கட்டினார்கள். டாக்டரின் முகம் மட்டும், பன்னிரண்டு அடி அகலம், சிரித்துக்கொண்டு. தொழில் அது என்பதால் பற்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சொல்லி அச்சடித்திருந்தார்கள். ஒவ்வொரு பல்லும் ஒரு செங்கல் அளவு.

நான் ஐந்தாவது தடைக்குத்தான் கேமரா வைத்திருந்தேன். ஸ்வேதா இருபதாவதாக வந்தாள். நான்கு தடையைச் சுத்தமாகத் தாண்டினார் தாசில்தார். ஐந்தாவதுக்குத் திரும்பினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். விரல் அழுத்தியது. விளக்குகள் எரிந்தன.

நான் பார்த்தது இதுதான்: ஸ்வேதா தடையைத் தாண்டிக்கொண்டிருந்தாள். முதுகு நேராக, முழங்கால் மடங்கி, பார்வை முன்னால், கை இரண்டும் கடிவாளம் பிடித்த நிலையில். புத்தகத்தில் போடலாம் அந்த நிலையை. குதிரை மட்டும் கூட வரவில்லை. அது கம்புக்கு இந்தப் பக்கம் நான்கு காலையும் மணலில் ஊன்றி நின்றுகொண்டிருந்தது.

கேமராவை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அந்தப் பக்கம் மணலில் கிடந்தவள் எழுந்து உட்காரப் பார்த்தாள், முகம் வெளுத்திருந்தது, இடது தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். குழந்தையிலிருந்து அவளை நான் எடுத்திருக்கிறேன், முதல் மொட்டை உட்பட.

“ஆன்ட்டி, நான் தாண்டிட்டேனா?” என்றாள்.

“தாண்டிட்டம்மா. பேசாம இரு.”

தோளெலும்பில் விரிசல். எட்டு வாரம் கட்டு என்றார்கள். வேறு ஆபத்தில்லை. ஆனால் அன்று சாயங்காலமே டாக்டர் கேப்டனுக்குப் போன் செய்துவிட்டார்: ஃபிளாஷ் அடித்ததால்தான் குதிரை மிரண்டு நின்றது, விசாரணை வேண்டும்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு விசாரணை. கோடவுன் நடுவில், மணல் மேல், ஒரு மேஜையும் மூன்று நாற்காலியும். கேப்டன், டாக்டர், நான். முனுசாமி தாசில்தாரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். குதிரையும் ஒரு தரப்பு என்பதால் அது இருக்க வேண்டும் என்று கேப்டன் சொல்லியிருந்தார். மணி அடித்துத் தொடங்கினார். நோட்டில் “காற்று இல்லை” என்று எழுதினார். ஃபேன் அன்று ஓடவில்லை.

“எனக்கு நேரம் ஜாஸ்தி இல்ல,” என்றார் டாக்டர். “ஒண்ணு விளக்கு தப்பு, இல்ல குதிரை தப்பு. எது தப்போ அது இனிமே இங்க இருக்கக் கூடாது. அவ்ளோதான் நான் கேக்கறது.”

விளக்கு போனால் நான் போக வேண்டும். அது எனக்குப் புரிந்தது. கேப்டன் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க ஃபிளாஷ் அடிச்சப்ப குதிரை எங்க இருந்துச்சு?”

“தரையில சார்.”

“சுவத்துல என்ன எழுதியிருக்கு?”

“குதிரை தரையில இருக்கும்போது அடிக்கக் கூடாதுன்னு.”

“அப்ப விதி மீறல்.”

“சார், பொண்ணு மேல இருந்துச்சு.”

அவர் சுவரை இன்னொரு முறை படித்தார். “விதியில பொண்ணைப் பத்தி எதுவும் இல்லையே,” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே யோசித்துச் சொன்னார்.

பையிலிருந்து படத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். இரண்டு நாளாக அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாசில்தாரின் முன்குளம்புகளுக்குப் பின்னால் மணலில் இரண்டு நீளமான கோடு, நாலடிக்குக் குறையாது. சறுக்கிக்கொண்டு வந்து நின்ற தடம்.

“டாக்டர், இதப் பாருங்க. வெளிச்சம் எரிஞ்ச நேரத்துலதான் இந்தப் படம் விழுந்திருக்கு. அந்த நேரத்துல குதிரை ஏற்கெனவே சறுக்கி நின்னு முடிஞ்சிருக்கு, பாப்பா ஏற்கெனவே பறந்துட்டு இருக்கா. அப்புறம் எரிஞ்ச விளக்கு எப்படி முன்னாடியே நிறுத்தும்?”

டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். மகள் பறக்கும் படத்தை அவர் அப்போதுதான் முதல்முறை பார்க்கிறார். கண் கலங்கியதுபோல இருந்தது. பிறகு, “டெஸ்ட் பண்ணலாம்,” என்றார்.

டெஸ்ட் செய்தோம். முனுசாமி தாசில்தாரை ஐந்தாவது தடைக்கு முன்னால் நிறுத்தினார். நான் ஏழு முறை ஃபிளாஷ் அடித்தேன். முதல் தடவை டாக்டர் நாற்காலியிலிருந்து துள்ளினார். மூன்றாவது தடவை கேப்டனின் பேனா கீழே விழுந்தது. ஏழாவது தடவை தாசில்தார் கொட்டாவி விட்டது.

“சரி. விளக்கு மேல தப்பில்ல,” என்றார் டாக்டர். “அப்ப குதிரைதான். சேத்துப்பட்டுப் பக்கம் ஒருத்தரு கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடறாரு. அவருக்குக் குடுத்துடுங்க.”

ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்புறம் முனுசாமியைப் பார்த்தேன். அவர் குதிரையின் பிடரியில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். கல்யாண ஊர்வலக் குதிரைகளை நான் பதினெட்டு வருஷம் பார்த்தவள். காதுக்குப் பக்கத்தில் பேண்டு, காலடியில் சரவெடி. என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் காட்டிய படம் அதை அங்கே அனுப்பப் போகிறது.

பையில் இன்னொரு கவர் இருந்தது. அதைக் காட்ட வேண்டியிருக்காது என்று நினைத்திருந்தேன்.

“சார், அன்னிக்கு ஸ்வேதாவுக்கு முன்னாடி பத்தொன்பது பேர் இதே தடையைத் தாண்டினாங்க. பத்தொன்பது படமும் இதுல இருக்கு. குதிரைங்க காதை மட்டும் பாருங்க.”

மேஜை மேல் பரப்பினேன். பத்தொன்பது படத்திலும் குதிரையின் ஒரு காதாவது இடது பக்கம் மேலே திரும்பியிருந்தது. தாண்டியதெல்லாம் எதையோ ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தாண்டியிருந்தன.

“இடது பக்கம் மேல என்ன இருக்கு?” என்றார் கேப்டன்.

நாங்கள் நான்கு பேரும் திரும்பிப் பார்த்தோம். டாக்டர் பன்னிரண்டு அடி அகலத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கேப்டன் தொண்டையைக் கனைத்தார். “சுவர் இருக்கு,” என்றார்.

“சுவத்துல என்ன இருக்கு?” என்று கேட்டார் டாக்டர்.

“ஆணி இருக்குதுங்க,” என்றார் முனுசாமி.

டாக்டர் என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா.”

விளக்குகள் அவர் வாங்கிக் கொடுத்தவை. என் வேலை அந்த விளக்குகளால்தான்.

“உங்க பேனருங்க டாக்டர். அன்னிக்கு ஃபேன் ஓடுச்சு. காத்து பின்னால புகுந்து பேனர் உப்பி உப்பி அடங்குச்சு. அப்ப வாய் தொறந்து மூடற மாதிரி தெரியும். நமக்கு அது படம். அதுங்களுக்கு அப்படித் தெரியாதுங்களே.”

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “ஃபேனைப் போடுங்க,” என்றார்.

கேப்டன் எழுந்து போய்ப் போட்டார். ஃபேன் வேகம் பிடித்தது. பேனர் மெல்ல உப்பியது. டாக்டரின் கீழ்த் தாடை இறங்கியது, ஏறியது. மறுபடி இறங்கியது. ஏழு ஃபிளாஷுக்கும் அசையாத தாசில்தார் மூக்கு விடைக்க, முனுசாமியையும் இழுத்துக்கொண்டு ஆறு அடி பின்னால் போனது. உண்மையைச் சொன்னால், நேராகப் பார்த்தபோது எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

டாக்டர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு குதிரைக்கு நேராக நடந்து போனார். அதன் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்று, பல் முழுக்கத் தெரியச் சிரித்தார். தாசில்தார் அவர் சட்டைப் பையை முகர்ந்தது, பிறகு பொறுமையாக அவர் காலரை மெல்ல ஆரம்பித்தது.

“பாத்தீங்களா,” என்றார் அவர், காலரை விடுவித்துக்கொள்ளாமலேயே. “என்கிட்ட அதுக்குப் பயமில்ல.”

“இல்லைங்க. துளிகூட இல்ல,” என்றார் முனுசாமி.

“என் படத்துகிட்டயும் பயமில்ல. படம் சும்மா இருந்தப்ப அதும் சும்மாதான் இருந்துச்சு.”

“சரியாச் சொன்னீங்க,” என்றார் கேப்டன்.

“அப்ப தப்பு எது?”

நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஃபேனைப் பார்த்தோம். இவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் எதையும் செய்ததில்லை.

கேப்டன் நோட்டில் எழுதினார்: “விபத்துக்குக் காரணம் சுவர் ஃபேன். உடனடியாக நீக்கப்படுகிறது.” டாக்டர் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். எழுதியது முழு உண்மையில்லை என்று தெரிந்துதான் போட்டேன், மனசு உறுத்தவில்லை. முனுசாமி குதிரையை லாயத்துக்கு ஓட்டிப் போகும்போது அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே போனார்.

ஒரு மணி நேரத்துக்குள் ஃபேனைக் கழற்றினார்கள். அது பத்திரமாக ஸ்டோர் ரூமில் வைக்கப்பட்டது, “விபத்துக்குக் காரணமானது, மீண்டும் பயன்படுத்தக் கூடாது” என்ற அட்டையோடு. சித்திரை மாசம். தகரக் கூரை. ஃபேன் இல்லாத கோடவுனுக்குள் குதிரையும் வேர்த்தது, ஓட்டியவர்களும் வேர்த்தார்கள், என் விளக்குகள் சூடு தாங்காமல் தாமாகவே அணைந்துகொண்டன. கேப்டன் விடாமல் தினமும் விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்து, “காற்று இல்லை” என்று எழுதினார்.

ஒரு நாள் ஸ்வேதா தோளில் கட்டோடு வந்தாள். பறக்கும் படத்தைக் காட்டச் சொன்னாள். பார்த்துப் பார்த்துச் சிரித்தாள், சிரித்தால் தோள் வலித்தது, அதற்கும் சிரித்தாள்.

“எனக்கு அன்னிக்கே தெரியும் ஆன்ட்டி,” என்றாள். “காலைல வாம்-அப் பண்ணும்போதே தாசில்தார் அங்க நின்னுட்டான். பேனரைக் கழட்டச் சொல்லலாம்னு பாத்தேன். அப்பா அதுக்கு மூணு நாள் போஸ் குடுத்தாரு. எப்படிச் சொல்றது?”

“உங்கப்பாகிட்ட சொல்றதுக்குப் பதிலா விழுந்துட்டியா?”

“விழுவேன்னு நினைக்கல ஆன்ட்டி. அவன் பயந்தாலும் எனக்காகத் தாண்டுவான்னு நினைச்சேன்.”

அவள் வீட்டில் ஏதாவது சொன்னாளா என்று தெரியாது. அடுத்த வாரம் மருத்துவமனையிலிருந்து இரண்டு பேர் வந்து, தூசி படிந்திருக்கிறது, கழுவ வேண்டும் என்று பேனரை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அது திரும்பி வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பேனர் போன பிறகு ஃபேனை மாட்டலாமே என்று நான் கேப்டனிடம் சொன்னேன். நோட்டைப் புரட்டிக் காட்டினார். எழுதியது எழுதியதுதான். நான் ஓய்வு பெறும்வரை அது ஸ்டோர் ரூமில்தான் இருந்தது.

கட்டுப் பிரித்து, இன்னும் ஆறு வாரம் பழகிய பிறகு ஸ்வேதா மறுபடி ஒரு போட்டியில் இறங்கினாள். அதே தாசில்தார். டாக்டரும் வந்திருந்தார். எத்தனையோ நாற்காலி இருக்க, ஐந்தாவது தடைக்குப் பக்கத்தில், பேனர் இருந்த சுவரை ஒட்டி உட்கார்ந்தார். மகள் அந்த இடத்தைத் தாண்டுவதைக் கிட்டத்தில் பார்க்க நினைத்திருப்பார். கேப்டன் மணி அடித்தார்.

நான்கு தடை ஆனது. ஐந்தாவதுக்குத் திரும்பினார்கள். ஒன்று. இரண்டு. அப்போது வியூஃபைண்டரின் ஓரத்தில், டாக்டர் அவசர அவசரமாகக் கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொள்வது தெரிந்தது. மூன்று. அழுத்தினேன்.

தாண்டிவிட்டார்கள். சுத்தமாக, கம்பில் குளம்பு படாமல். முனுசாமி வாசல் பக்கம் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

படத்தில் தாசில்தாரின் காது இரண்டும் நேராக முன்னால். ஸ்வேதாவின் முகம் நான் எடுத்ததிலேயே நல்ல முகம். இடது ஓரத்தில், கொஞ்சம் மங்கலாக, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு மனிதர். படத்தை வாங்க டாக்டரே வந்தார். பெரிய அளவில் போட்டுத் தரச் சொன்னார்.

“ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிடட்டுங்களா டாக்டர்?” என்று கேட்டேன்.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“வேணாம்மா. அப்படியே இருக்கட்டும்,” என்றார்.

போன மாதம் கடைவாய்ப் பல் பிடுங்க அவர் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அந்தப் படம் நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில், எல்லோரும் பார்க்கும் உயரத்தில் மாட்டியிருந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குதிரையைப் பார்க்கவில்லை, ஓரத்தில் இருந்தவரைத்தான் பார்த்தார்.

“பாவம், அவருக்கும் வலி ஜாஸ்தி போல,” என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.